அரிசியில் கல் தேடும் கண்

போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டில் கல் கடிபட்டது. பல் தப்பியது. ஆனால் அன்று முழுக்க ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அரிசியைப் பார்த்துப் போட்டது நான்தான். தட்டில் பரப்பி, விரலால் கிளறி, "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் களைந்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டு ரேஷன் அரிசியில் கைப்பிடிக்கு நாலு கல் கிடக்கும். அம்மா முறத்தில் பார்த்துக் கொடுத்த அந்த அரிசியில் கல் கடித்ததாக நினைவே இல்லை. அத்தனை கல் இருந்தபோது ஒன்றும் தப்பவில்லை. கல்லே இல்லாத பாக்கெட் அரிசியில் இருந்த ஒரே ஒரு கல் தப்பிவிட்டது.

அலட்சியம் என்றுதான் முதலில் என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்புறம்தான், பல ஆண்டுகளாக நான் படித்துவரும் பார்வைத் தேடல் ஆராய்ச்சியே இதற்குப் பதில் வைத்திருப்பது உறைத்தது. பல பொருள்களுக்கு நடுவே வேண்டிய ஒன்றைக் கண் எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்போது கோட்டை விடுகிறது என்பதுதான் அந்தத் துறையின் கேள்வி. அரிசியில் கல் தேடுவதும், விமான நிலையத்தில் பைக்குள் கத்தி தேடுவதும், மார்பக எக்ஸ்ரேயில் புற்றுநோய் தேடுவதும் அதற்கு ஒரே வேலைதான்.

முதலில் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். நாம் கண்ணைத் திறந்தால் எதிரே உள்ளது எல்லாமே ஒரே தெளிவோடு தெரிவதுபோல இருக்கிறது. உண்மையில் விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சின்னக் குழிதான் நுணுக்கமாகப் பார்க்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகம் மறைக்கும் அளவு இடம்தான் எந்த நேரத்திலும் கூர்மையாகத் தெரிவது. இந்த வரியில் ஒரு சொல்லின் மேல் பார்வையை அசையாமல் நிறுத்தி, ஐந்தாறு சொல் தள்ளி இருப்பதைப் படிக்க முயன்று பாருங்கள். அங்கே எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. அதனால்தான் கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவுவது என்று யார் சொல்கிறார்கள்? தேடலின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு தெளிவான விடையை முதலில் முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஆன் ட்ரைஸ்மன். இங்கிலாந்தில் பிறந்த உளவியலாளர். 1980இல் கேரி ஜெலேட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டது. அதன் சாரத்தை முறத்தை வைத்தே சொல்லிவிடலாம். வெள்ளை அரிசியில் ஒரு கருப்புக் கல் கிடந்தால் நாம் அதைத் தேடுவதே இல்லை. அது தானாக வந்து கண்ணில் விழுகிறது. அரிசி ஒரு பிடி இருந்தாலும் சரி, ஒரு படி பரப்பி இருந்தாலும் சரி, ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறம், சாய்வு, அளவு, அசைவு போன்ற அடிப்படைக் குணங்களில் ஒன்று மட்டும் வேறுபட்டால் போதும், காட்சி முழுவதிலும் மூளை அதை ஒரே வீச்சில் பிடித்துவிடுகிறது.

அதே அரிசியில் வெள்ளையாக ஒரு கல் கிடக்கட்டும். நிறமும் அரிசி நிறம், அளவும் குருணை அளவு. இப்போது எந்த ஒற்றைக் குணமும் அதைக் காட்டிக்கொடுக்காது. நிறத்தையும் வடிவத்தையும் பளபளப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் கல் என்று தெரியும். இப்படிக் குணங்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலைக்குக் கவனம் தேவை, அந்தக் கவனம் ஒவ்வோர் இடமாகத்தான் போக முடியும் என்றார் ட்ரைஸ்மன். அவருடைய சோதனைகளில், பழுப்பும் பச்சையுமான எழுத்துகளுக்கு நடுவே நிறம், வடிவம் இரண்டும் பொருந்தும் ஒன்றைத் தேடியவர்களுக்கு, திரையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் உத்தேசமாக 30 மில்லி நொடி கூடுதலாகப் பிடித்தது. தேடும் பொருளே திரையில் இல்லாதபோது அது ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. இருந்தால் சராசரியாகப் பாதி வழியிலேயே கிடைத்துவிடும். இல்லை என்று சொல்ல எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இந்த "இல்லை" என்ற பதில்தான் பின்னால் பெரிய வில்லங்கமாகப் போகிறது.

ஒரு சின்னச் சோதனையை இங்கேயே செய்து பார்த்துவிடலாம்.

க க க க க க் க க க க

க் க் க் க் க் க் க க் க் க்

முதல் வரியில் புள்ளி வைத்த எழுத்து சட்டென்று தெரிகிறது. இரண்டாவதில் புள்ளி இல்லாததைக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு வரியிலும் வித்தியாசம் அதே ஒரு புள்ளிதான். ட்ரைஸ்மனும் ஜேனட் சௌத்தரும் 1985இல் வட்டங்களை வைத்து இதைக் காட்டினார்கள். கோடு போட்ட ஒரு வட்டத்தை வெறும் வட்டங்களுக்கு நடுவே கண்டுபிடிப்பது சுலபம், கோடு இல்லாத ஒன்றைக் கோடு போட்டவற்றுக்கு நடுவே கண்டுபிடிப்பது கஷ்டம். இருப்பது கண்ணை இழுக்கும், இல்லாமை இழுக்காது. பிழை திருத்தும்போது அநாவசியமாக நுழைந்த ஒற்று கண்ணில் பட்டுவிடுவதும், விட்டுப்போன ஒற்று அச்சுக்குப் போன பிறகு தெரிவதும் எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

ட்ரைஸ்மனின் இந்த இரட்டைப் பிரிவு அவ்வளவு கறாரானது அல்ல என்று பின்னால் தெரிந்தது. 1989இல் டங்கன், ஹம்ஃப்ரீஸ் என்ற இருவர் வேறு விதமாகச் சொன்னார்கள்: தேடும் பொருள் சுற்றியிருப்பவற்றைப் போல எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கஷ்டம், சுற்றியிருப்பவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றனவோ அதுவும் அவ்வளவு கஷ்டம். குருணையும் நெல்லும் உமியும் பழுப்பரிசியும் கலந்து கிடக்கும் முறத்தில் கல் பொறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே சீரான அரிசி என்றால் மாறுபட்ட எதுவும் துருத்திக்கொண்டு நிற்கும். எல்லாமே மாறுபட்டுக் கிடந்தால் எதை மாறுபட்டது என்று சொல்வது?

அதே ஆண்டில் ஜெரமி வுல்ஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இன்னொரு திருத்தம் சொன்னார்கள். கவனம் ஒவ்வொன்றாகப் போகிறது, சரி. ஆனால் கண்டபடி போவதில்லை, வழிகாட்டப்படுகிறது. தேடுவது சிவப்பு என்று தெரிந்தால் பச்சையை எல்லாம் ஒதுக்கிவிட்டுச் சிவப்பில் மட்டும் கவனம் மேய்கிறது. அதாவது தேடுபவரின் மனதில் தேடும் பொருளின் ஒரு சித்திரம் இருக்கிறது. அது சரியாக இருந்தால் வேலை மின்னல் வேகம். தப்பாக இருந்தால் எதிரே இருப்பதும் தெரியாது. எங்கள் வீட்டில் மஞ்சள் தூள் டப்பாவின் சிவப்பு மூடி உடைந்து நீல மூடி போட்ட வாரத்தில், அதற்கு நேரே நின்றுகொண்டு "மஞ்சள் தூள் எங்கே?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடிய கதைதான். கண் டப்பாவின் மேல்தான் இருந்தது. மனம் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

சித்திரத்தில் நிறம் மட்டும் இல்லை, இடமும் அளவும் கூட அடக்கம். மிகுவல் எக்ஸ்டீனும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குளியலறைப் படம் ஒன்றில் பிரம்மாண்டமான ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்தார்கள். சாதாரண அளவு பிரஷ்ஷைக் கண்டுபிடித்தவர்கள்கூட அந்தப் பெரிய பிரஷ்ஷை அடிக்கடி தவறவிட்டார்கள். பிரஷ் இவ்வளவுதான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, இருப்பதைப் பார்க்க விடவில்லை. பெரும்பாலான நேரம் இந்த எதிர்பார்ப்புதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செருப்பைத் தேடும்போது யாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதில்லை.

இனி கல் கடித்த கதைக்கு வருகிறேன். 2005இல் வுல்ஃபும் டாட் ஹோரோவிட்ஸும் நவோமி கென்னரும் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கட்டுரை அதுதான். பைக்குள் பொருள்கள் குவிந்து கிடப்பதுபோல, ஒன்றன்மேல் ஒன்று ஊடுருவித் தெரியும் படங்களைக் காட்டி, அதில் கருவி ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் கருவி இருந்தபோது, இருந்தவற்றில் 7 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். 10 சதவீதப் படங்களில் மட்டும் இருந்தபோது தவறியது 16 சதவீதம். நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறியது 30 சதவீதம். மாறியது ஒன்றுதான்: எத்தனை முறைக்கு ஒரு முறை தேடுவது கிடைக்கிறது என்பது.

ஏன் இப்படி? தேடும்போது மூளை இரண்டு முடிவுகள் எடுக்கிறது. ஒன்று, கண்ணில் பட்ட இது நான் தேடுவதா? இன்னொன்று, இன்னும் கிடைக்கவில்லையே, எப்போது நிறுத்துவது? இரண்டாவதை நாம் பெரிதாக யோசிப்பதே இல்லை. ஆனால் நிஜ வாழ்க்கைத் தேடலில் ஒவ்வோர் அரிசியையும் பார்த்து முடித்தேன் என்று சொல்ல வழியே இல்லை. எங்கோ ஓர் இடத்தில் "போதும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் "போதும்" எவ்வளவு நேரத்தில் வர வேண்டும் என்பதை மூளை அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. வரிசையாக நூறு முறை இல்லை என்று சொல்லி நூறும் சரியாக இருந்தால், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விட்டுவிடுகிறது. கூடவே முதல் முடிவும் நகர்கிறது. சந்தேகமாக ஏதாவது பட்டால், கல் அடிக்கடி கிடைக்கும் முறத்தில் கை உடனே அதை எடுத்துப் பார்க்கும். கல்லே கிடைக்காத தட்டில் "அரிசியாத்தான் இருக்கும்" என்று தாண்டிவிடும். நான் அன்று செய்தது அதுதான்.

சோதனையில் கலந்துகொண்டவர்கள் அவசரத்தில் தப்பான பட்டனை அழுத்திவிட்டார்கள், திருத்த ஒரு வாய்ப்புக் கொடுத்தால் இந்தத் தவறெல்லாம் மறைந்துவிடும் என்று 2007இல் ஃப்ளெக், மிட்ராஃப் என்ற இருவர் மறுத்தார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் சிக்கலான படங்களில் திருத்த வாய்ப்புக் கொடுத்தும் தவறல் பெருமளவு நீடித்தது என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. பிறகு மிட்ராஃபே, பை சோதனை செய்யும் ஒரு கைப்பேசி விளையாட்டிலிருந்து கிடைத்த பெரும் தரவுகளை ஆராய்ந்து, மிக மிக அரிதாக வரும் பொருள்களைப் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள் என்று காட்டினார்.

பறவைகளுக்கும் இதே கதைதான் என்று தோன்றுகிறது. நெதர்லாந்தின் பைன் காடுகளில் சிறு பறவைகள் புழு பிடிப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்த லூக் டின்பெர்கன் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்தார். அது 1960இல், அவர் இறந்த பிறகு, வெளிவந்தது. ஒரு புதுவகைப் புழு காட்டில் வரத் தொடங்கியதும் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. அது ஓரளவு பெருகிய பிறகு திடீரென்று எதிர்பார்ப்பதைவிட அதிகமாகத் தின்னத் தொடங்குகின்றன. அதன் சித்திரம் பறவையின் மனதில் அப்போதுதான் விழுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். அரிதாக இருப்பதே புழுவுக்கு ஒரு பாதுகாப்பு.

புழுவுக்கு நல்லது, நமக்கு ஆபத்து. நாம் மனிதர்களிடம் ஒப்படைத்திருக்கும் முக்கியமான தேடல்கள் எல்லாமே அரிதானவற்றைத் தேடுவதுதான். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பெண்களில் நோய் கண்டுபிடிக்கப்படுவது பத்துக்கும் குறைவானவர்களிடம். கார்லா எவன்ஸ், ராபின் பேர்ட்வெல், வுல்ஃப் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள மருத்துவர்களின் அன்றாட வேலைக்கு நடுவே ஏற்கெனவே முடிவு தெரிந்த படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள். அப்போது அந்தப் புற்றுநோய்களில் 30 சதவீதம் தவறியது. அதே படங்களை, பாதிக்குப் பாதி நோய் உள்ள தொகுப்பாக வைத்துப் பார்க்கச் சொன்னபோது தவறியது 12 சதவீதம்தான். படங்கள் அதே படங்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து "கண்ணை எங்கே வச்சிருந்தே?" என்ற கேள்வியைக் கேட்கவே எனக்கு வாய் வருவதில்லை. கண் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. 1970களில் ஹெரால்ட் குண்டெலும் கால்வின் நோடைனும் மருத்துவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, நுரையீரல் எக்ஸ்ரேயில் தவறவிடப்பட்ட கட்டிகளில் பலவற்றின் மேல் பார்வை போய் நின்றிருந்தது தெரியவந்தது. 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் சகாக்களும் நுரையீரல் சிடி ஸ்கேனுக்குள் ஒரு சின்னக் கொரில்லாப் படத்தை ஒட்டி, 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கட்டி தேடக் கொடுத்தார்கள். கொரில்லா சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் நேராகக் கொரில்லாவின் மேலேயே போயிருந்தது. இதை வைத்து மருத்துவர்களைக் கேலி செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் தேடியது கட்டி. அதைத் தேடப் பழகிய கண் மற்றதை ஒதுக்குவதுதான் அந்தத் திறமையே.

ஆக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை. வுல்ஃபின் ஆய்வகத்திலேயே, தவறினால் அபராதம், மெதுவாகப் பார்க்கக் கட்டாயம் என்று என்னென்னவோ முயன்று பார்த்தும் தவறல் அசைந்து கொடுக்கவில்லை. கொஞ்சம் வேலை செய்தது ஒன்றுதான்: நடுநடுவே, தேடும் பொருள் அடிக்கடி வரும் ஒரு குட்டித் தொகுப்பைக் கொடுத்து, சரியா தப்பா என்று உடனுக்குடன் சொல்வது. "போதும்" என்ற அளவு சற்று நேரத்துக்காவது தள்ளிப் போகிறது. பல விமான நிலையங்களின் பை சோதனை இயந்திரங்களில் இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஆரஞ்சும் பச்சையும் நீலமுமாக ஓடும் பைகளில், இல்லாத துப்பாக்கி ஒன்றின் படத்தை இயந்திரமே அவ்வப்போது ஒட்டிவிடும். பார்ப்பவர் பட்டனை அழுத்தினால், அது சோதனைப் படம் என்று சொல்லும். அழுத்தாவிட்டால் அதையும் சொல்லும்.

நேரத்தைக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக நார்மன் மேக்வொர்த் செய்த சோதனைகளில், முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் கணிசமாகச் சரிந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி பை எக்ஸ்ரே பார்ப்பவர் வழக்கமாக 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கக்கூடாது. பிரிட்டனின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் இருவர் படிக்கிறார்கள்.

அம்மா கல் பொறுக்கியதை இப்போது நினைத்துப் பார்த்தால், அதற்குள் எவ்வளவு இருந்திருக்கிறது! முறத்தைச் சற்றுச் சாய்த்து, அரிசியை மேல்பக்கம் குவித்து, விரல்நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளுவார். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓர் அரிசி கனத்துக்குத்தான் பரப்புவார். நெருக்கிக்கொண்டு கிடக்கும் பொருள்கள் ஓரப் பார்வையில் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பரப்பினால் அந்தக் குழப்பம் குறையும். பார்த்து முடித்தது கீழே, பார்க்காதது மேலே. இதுவரை எங்கெங்கே பார்த்தோம் என்பதைத் தேடும் மூளை சரியாக நினைவில் வைப்பதில்லை என்று 1998இல் ஹோரோவிட்ஸும் வுல்ஃபும் வாதிட்டு, அதன் மேல் பெரிய சர்ச்சையே நடந்தது. அம்மாவின் முறத்தில் அந்த நினைவை மூளை சுமக்கவே வேண்டாம், அரிசியே சுமந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று கல் நிறைய இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல் விரலில் அகப்பட்டுக்கொண்டே இருந்தால் எந்த மூளையும் "போதும்" என்று சொல்லாது.

இன்று அரிசி ஆலையில் கல் நீக்கும் இயந்திரம் எடையை வைத்துக் கல்லைப் பிரிக்கிறது. நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் விழும் ஒவ்வொரு மணியையும் கேமரா பார்க்கிறது, நிறம் மாறியதைக் காற்று ஊதித் தள்ளுகிறது. அந்தக் கேமராவுக்கு லட்சம் அரிசிக்கு ஒரு கல் என்றாலும் சலிப்பு வராது. ஆனால் இரண்டையும் தாண்டி வரும் கல் எப்படிப்பட்டதாக இருக்கும்? எடையிலும் நிறத்திலும் அரிசியை ஒட்டியதாகத்தான் இருக்கும். அதுவும் எப்போதோ ஒன்று. தேடலைக் கடினமாக்கும் இரண்டு காரணங்களும் சேர்ந்து, மிச்சமிருக்கும் அந்த ஒரு கல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எக்ஸ்ரே படங்களைக் கணினி முதலில் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் முறை இப்போது வந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. கணினி சந்தேகப்பட்ட படங்களை இரண்டு மருத்துவர்கள் படித்தார்கள், மற்றவற்றை ஒருவர். படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. நல்ல செய்திதான். ஆனாலும் எனக்கு ஒரு கவலை. அந்த மற்றவற்றின் குவியல்தான் பாக்கெட் அரிசி. அங்கே நோய் முன்னைவிட அரிது, அதன் எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு கல் பொறுக்குவதை விட்டுவிட்டார். உள்பக்கம் வரிவரியாக இருக்கும் அரிக்கன்சட்டியில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சட்டியை லேசாக ஆட்டி ஆட்டி, மிதந்து எழும் அரிசியை அடுத்த பாத்திரத்துக்கு வழியவிடுவார். கல் கனம், அடியில் வரியில் தங்கிவிடும். கடைசியில் ஒரு கரண்டித் தண்ணீரும் நாலைந்து அரிசியும் மிஞ்சும். அதில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், கண்ணால் பார்க்க மாட்டார்.